பத்திக்கு ஒரு பெயர்

வோர்ட் கோப்பு எதைத் திறந்தாலும் என் கை முதலில் போவது மேல்வரிசையில் இருக்கும் ஒரு சிறிய பொத்தானுக்கு. ஆங்கில 'பி' எழுத்து இடப்பக்கம் திரும்பி இரட்டைக் காலில் நிற்பது போன்ற குறி அதன்மேல் இருக்கும். அழுத்தியதும் வெறும் தாளாக இருந்த திரையெங்கும் புள்ளி பூக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு புள்ளி, டேப் விசையை அழுத்திய இடத்தில் ஓர் அம்பு, பத்தி முடிகிற இடத்திலெல்லாம் அந்தத் திரும்பிய எழுத்து. பலருக்கு இது அழுக்கு மாதிரித் தெரியும், உடனே மறைத்துவிடுவார்கள். எனக்கோ பட்டுப்புடவையைத் திருப்பி உட்புறம் பார்ப்பது போல. எந்த இழை எங்கே ஓடுகிறது, எந்தப் பூ தறியிலேயே பூத்தது, எது பிறகு ஒட்டவைத்தது என்பதை உட்புறம்தான் சொல்லும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் நினைவுகளை இரண்டு வருடமாக ஒரு நூலாகத் தொகுத்து வந்தேன். எல்பில், டோவன்பி, ஹேவூட், கமுனிங் என்று பெயர் சொன்னாலே போதும், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்குப் புளித்த ரப்பர்ப் பாலின் வாடை மூக்கில் ஏறும். கித்தா மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இருந்த இடம் பல ஊர்களில் அடையாளம் தெரியவில்லை. பேசக் கூடியவர்களுக்கு வயது எழுபதும் எண்பதும். அவர்கள் சொன்னதைப் பேரப்பிள்ளைகளும் ஆசிரியர்களும் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பினார்கள்.

அப்படி வந்த ஒரு கோப்பில் அந்தப் பொத்தானை அழுத்தினேன். தலைப்பு நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காக அதன் முன்னால் இருபத்தாறு புள்ளிகள். அடுத்த பேட்டி புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக ஒன்பது வெற்றுப் பத்திகள், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது திரும்பிய எழுத்துகள். இந்த உழைப்பைப் பார்க்கையில் எனக்கு மரியாதைதான் வருகிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் இவை. அந்தப் பொறியில் தலைப்பை நடுவில் வைக்க எழுத்தை எண்ண வேண்டும், மிச்ச இடத்தைப் பாதியாக்க வேண்டும், அத்தனை தடவை இடைவெளிக் கட்டையைத் தட்ட வேண்டும். வேறு வழி கிடையாது. படித்த பாடத்தை விரல் கணினியிலும் அப்படியே ஒப்பிக்கிறது. ஆனால் இங்கே எழுத்தின் அளவை ஒரு புள்ளி கூட்டினால் போதும். இருபத்தாறும் கணக்குத் தப்பி, தலைப்பு வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். ஒன்பது வெற்றுப் பத்திகளில் இரண்டு அடுத்த பக்கத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

புள்ளிகளை அழித்தேன். தலைப்பின்மேல் சுட்டியை வைத்து, ஸ்டைல் பட்டியலில் 'ஹெட்டிங் 1' என்பதைச் சொடுக்கினேன். கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் சிறியது: எழுத்து பெரிதானது, நிறம் மாறியது. உள்ளே நடந்ததை நினைத்தால்தான் நெஞ்சு நிறைகிறது. அதுவரை அது பெரிதாகவும் கறுப்பாகவும் இருந்த ஒரு வரி. இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அது தலைப்பு. தான் யார் என்று அதற்குத் தெரியும், கணினிக்கும் தெரியும்.

தெரிந்ததும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். தலைப்பைத் தட்டி முடித்து எண்டர் விசையை அழுத்துகிறேன். அடுத்து வருவது இன்னொரு தலைப்பு அல்ல என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. சொல்லாமலே சாதாரணப் பத்தியாக மாறிக்கொள்கிறது. ஸ்டைலின் அமைப்பில் 'அடுத்த பத்தியின் ஸ்டைல்' என்று ஒரு பெட்டி உண்டு, அதன் வேலை இது. நான் பேட்டிகளுக்காக 'கேள்வி', 'விடை' என்று இரண்டு ஸ்டைல்களைத் தமிழிலேயே பெயரிட்டு உண்டாக்கினேன். கேள்விக்கு அடுத்தது விடை, விடைக்கு அடுத்தது கேள்வி என்று அந்தப் பெட்டியில் எழுதிவைத்தேன். அதன் பிறகு தட்டச்சு செய்வது பந்தியில் பரிமாறுவது போல ஆகிவிட்டது. கேள்வியை முடித்து எண்டர், விடை தயாராக உள்தள்ளி நிற்கிறது. விடையை முடித்து எண்டர், கேள்வி தடித்த எழுத்தில் காத்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கம் 'அடுத்ததோடு சேர்ந்திரு' என்ற விதி. தலைப்பு பக்கத்தின் கடைசி வரியாக வந்து, அதன் பத்தி மறுபக்கத்துக்குப் போய்விட்டால் பார்க்கச் சகிக்காது. கோயில் மலர்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம், அடியில் தனியாக ஒரு தலைப்பு நிற்கும். ஹெட்டிங் ஸ்டைலுக்குள் இந்த விதி பிறவியிலேயே இருக்கிறது. பத்தி அடுத்த பக்கம் போனால் தலைப்பும் கூடவே எழுந்து போகும். தாயை விட்டுப் பிரியாத கன்று போல என்று சொல்லலாம், இங்கே கன்றின் பின்னால் போவது தாய். நான் எதையும் தள்ளிவிட வேண்டியதில்லை.

இப்படிப் பெயர் வைத்த தலைப்புகளை ஹெட்டிங் 1 தொடங்கி ஒன்பது படி வரை அடுக்கலாம். தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல் என்று எண்ணிப் பழகியவனுக்கு அந்த ஒன்பதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும். நூலுக்கு உண்மையில் மூன்று படி போதும். பால், இயல், அதிகாரம் என்று திருக்குறளை மூன்று படியில் வைத்து, உள்ளடக்கப் பட்டியல் கேட்டால், 133 அதிகாரமும் பக்க எண்ணோடு நொடியில் வந்து நிற்கும். கையால் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து, கடைசி நேரத்தில் ஒரு பக்கம் கூடி, 133 எண்களையும் திருத்தியவர்கள் அச்சகங்களில் இன்னமும் இருக்கிறார்கள்.

உட்புறத்துக்கும் ஓர் உட்புறம் உண்டு. 2007 பதிப்பிலிருந்து வோர்ட் சேமிக்கிற 'டாக்எக்ஸ்' கோப்பு உண்மையில் ஒரு மூட்டை. அதன் பெயரின் பின்னொட்டை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல சிறு கோப்புகள். அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் படிப்பது எனக்கு ஒரு சுகம். ஒன்றின் பெயர் 'டாக்யுமெண்ட்', மற்றதன் பெயர் 'ஸ்டைல்ஸ்'. முதலாவதில் தோட்டத்துப் பாட்டிகள் சொன்ன சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பத்தியின் நெற்றியிலும் அதன் ஸ்டைல் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். அந்தப் பெயருக்கு என்ன அளவு, என்ன நிறம், மேலே எவ்வளவு இடம் என்பதெல்லாம் இரண்டாவது கோப்பில், ஒரே ஒரு தடவை. சொல் ஓரிடம், கோலம் ஓரிடம். இரண்டையும் கட்டுவது ஒரு பெயர். கோலத்தை மாற்ற வேண்டுமானால் அந்த ஓரிடத்தில் கை வைத்தால் போதும், நானூறு பக்கமும் மாறும்.

அந்த இரண்டாவது கோப்பில் எழுத்தின் அளவைத் தேடினேன். 12 புள்ளி என்று நான் கேட்டிருந்தேன், அங்கே 24 என்று இருந்தது. முதலில் புரியவில்லை. அளவை அரைப் புள்ளிக் கணக்கில் எழுதுகிறார்கள். பத்தரைப் புள்ளி எழுத்து வேண்டுமானால் 21 என்று முழு எண்ணாகவே எழுதிவிடலாம், பின்னம் வேண்டாம். தச்சர் அரை அங்குலத்தை நூல் கணக்கில் சொல்வது நினைவுக்கு வந்தது. இன்னொன்று: அளவு அங்கே இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது. ஒன்று ஆங்கிலம் முதலிய எழுத்துகளுக்கு, மற்றது தமிழ், அரபு போன்று கூடிப் புணரும் எழுத்துகளுக்கு. தடித்த எழுத்துக்கும் அப்படியே இரண்டு குறிகள். "எழுத்துருவை மாத்துறேன் சார், இங்கிலீஷ் மட்டும் மாறுது, தமிழ் மாறவே மாட்டேங்குது" என்று அச்சகத்துப் பையன் ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காரணம் இதுதான். ஸ்டைலின் உள்ளே தமிழுக்கென்று ஒரு தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள், சாவி அந்த அறைக்குப் போடப்படவில்லை.

இந்தப் பெயரிடும் யோசனைக்கு ஒரு பிறப்பு உண்டு. பழைய அச்சுக்கூடங்களில் கையெழுத்துப் படியின்மேல் ஆசிரியர் பென்சிலால் குறி போட்டு அனுப்புவார். கீழே நேர்கோடு இழுத்தால் சாய்வெழுத்து, அலை போல வளைத்தால் தடித்த எழுத்து. அச்சுக் கோப்பவர் அதைப் பார்த்து எழுத்தை எடுப்பார். 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் அந்தப் பென்சில் குறியை வேறு திசைக்குத் திருப்பினார்கள். 'இதைச் சாய்த்துப் போடு' என்று குறிக்காமல் 'இது தலைப்பு', 'இது மேற்கோள்' என்று குறிப்போம் என்றார்கள். தாங்கள் செய்த மொழிக்கு ஜிஎம்எல் என்று பெயர் வைத்தார்கள். அது மூவர் பெயரின் முதலெழுத்தும்கூட. 1986இல் அதன் வளர்ந்த வடிவம் உலகத் தரமாயிற்று. 1998இல் அதிலிருந்து இளைத்துச் சுருங்கி எக்ஸ்எம்எல் வந்தது. என் பாட்டிமாரின் பேச்சு உட்கார்ந்திருக்கிற அந்த மூட்டைக்குள் ஓடுவது எக்ஸ்எம்எல்தான்.

ஆனால் பெயரிட்டு வைப்பது நமக்குப் புதிதா? புறநானூற்றைத் திறந்து எந்தப் பாட்டின் அடியிலும் பாருங்கள். திணை இன்னது, துறை இன்னது, இன்னாரை இன்னார் பாடியது. பாட்டின் சொல்லில் ஓர் எழுத்தும் சேராமல், பாட்டைப் பற்றிய செய்தி பாட்டின் காலடியில் நிற்கிறது. பனையோலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, அடி முறிந்து அடுத்த வரி தொடங்காது. பாட்டும் குறிப்பும் ஒரே ஓட்டத்தில் ஓடும். அதிலிருந்து எது பாட்டு, எது திணைக் குறிப்பு, எது உரை என்று பிரித்து 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது, அவர் செய்தது ஒவ்வொரு வரிக்கும் ஸ்டைல் போடுகிற வேலை. கண்ணும் இலக்கண அறிவும்தான் அவருடைய கருவி.

அகநானூறு இன்னும் ஒரு படி மேல். நானூறு பாட்டு. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிகிற எண் குறிஞ்சி. நான்கில் முடிந்தால் முல்லை, ஆறில் முடிந்தால் மருதம், பத்தின் மடங்கானால் நெய்தல். 237ஆம் பாட்டு என்ன திணை என்று யாராவது கேட்டால் நூலைத் திறக்காமலே பாலை என்று சொல்லிவிடலாம். பாட்டின் எண்ணே அதன் திணையைச் சுமக்கிறது. அதைத் தொகுத்த உருத்திரசன்மரின் கையை நினைத்து நான் பலமுறை அசந்து போயிருக்கிறேன். எண் என்பது வரிசைக்காக மட்டும் போடுவது என்று நாம் நினைக்கிறோம். அவர் அதற்குள் ஐந்து நிலத்தையும் வைத்துவிட்டார். ஓலைக் கட்டில் ஏடுகள் இடம் மாறினாலும் ஒரு பாட்டை எங்கே திருப்பி வைக்க வேண்டும் என்பதற்குத் திணை ஒரு சாட்சி, எண் ஒரு சாட்சி.

குறிப்பு தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே விடை உண்டு. குறுந்தொகையின் ஒரு பாட்டுக்குப் பாடியவர் பெயர் மறைந்துவிட்டது. பாட்டுக்குள் இருந்த அழகான உவமையிலிருந்தே பெயரை எடுத்து அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அப்படித்தான். பெயர் இல்லாமல் ஒரு பாட்டை விட்டுவைக்க அந்தத் தொகுப்பாளர்களுக்கு மனம் வரவில்லை.

இதைவிட நுட்பமான ஒன்று நம் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் பேசியதைச் சொல்லும்போது தமிழில் மேற்கோள் குறி இல்லாமலே காரியம் நடக்கும். பேச்சு முடிந்ததும் 'என்று' வரும். பேச்சு தொடங்கும்போது அறிவிப்பு எதுவும் இல்லை. முடிவில் 'என்று' வந்து நின்று, இதுவரை வந்ததெல்லாம் இன்னொருவர் வாய்மொழி என்று பின்னோக்கிக் கை காட்டுகிறது. வோர்டின் அந்தத் திரும்பிய எழுத்தும் இதே வேலையைத்தான் செய்கிறது. திரையில் ஒரு பத்தியின் தன்மை முழுவதும் அதன் முடிவில் நிற்கும் அந்தக் குறியில் தங்கியிருக்கிறது. குறியை மட்டும் தேர்ந்து நகலெடுத்து வேறொரு பத்தியின் முடிவில் ஒட்டினால், அந்தப் பத்தி இதன் உள்தள்ளலையும் இடைவெளியையும் வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றுமாம். பத்தியைப் பற்றிய செய்தி ஏன் கடைசியில் இருக்கிறது என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பார்கள். வினைமுற்று வரும்வரை பொறுத்திருந்து வாக்கியத்தைப் புரிந்துகொள்கிற நமக்கு இதில் வியப்பு இல்லை. யார் செய்தார், செய்தாரா இல்லையா, கேள்வியா கட்டளையா, எல்லாமே நம்மிடம் கடைசியில்தான் வரும். ஊர்ப் பெயரில் உள்ள சிப்புட் என்றால் மலாயில் நத்தை. நத்தை தன் கூட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு போவது போல, ஒவ்வொரு பத்தியும் தன் வடிவத்தைத் தன் வாலில் கட்டிக்கொண்டு போகிறது.

அந்தக் குறிக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. சிறுதலை என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லின் முதலெழுத்திலிருந்து அது பிறந்தது. நாம் தலைப்பு என்கிறோம், அவர்களும் தலை என்றுதான் எண்ணியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் கையெழுத்து நூல்களில் இதைச் சிவப்பு மையால் தனியாக ஒருவர் வரைந்துகொண்டு போவாராம்.

சாய்வெழுத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், அது எனக்கு நெடுநாள் வருத்தம். 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற பதிப்பாளர், கையெழுத்தின் சாய்வைப் பின்பற்றிய ஓர் அச்செழுத்தில் நூல் வெளியிட்டார். இலத்தீன எழுத்துக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அந்த மக்களின் கை அப்படிச் சாய்ந்துதான் எழுதியது. தமிழ்க் கை எழுத்தாணியால் ஓலையில் சுழித்து எழுதிய கை. நம் 'ணை'யையும் 'ஞூ'வையும் சாய்த்துப் பாருங்கள், காற்றில் தள்ளாடும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் வரையப்பட்டதே இல்லை. சாய்க்கச் சொன்னால் கணினி நேரெழுத்தைப் பிடித்து இழுத்துச் சரித்துக் காட்டும். ஆனாலும் 'கண்ட்ரோல் ஐ' அழுத்துகிற பழக்கம் போகவில்லை. இங்கேதான் ஸ்டைலின் அருமை தெரியும். சாய்த்துப் போடு என்று சொல்லாமல் 'அழுத்தம்' என்று அந்தச் சொல்லைக் குறித்துவைத்தால், அழுத்தம் தமிழில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை நான் தனியாகத் தீர்மானிக்கலாம். சற்றே கனத்த எழுத்து, அல்லது ஒரு சாம்பல் நிறம். சில இடங்களில் எதுவுமே வேண்டாம். ஏனென்றால் அழுத்தத்துக்கு நம்மிடம் ஏகாரம் இருக்கிறது. 'அவளே வெட்டினாள்' என்று சொன்ன பிறகு அதைச் சாய்க்கவும் தடிக்கவும் என்ன தேவை? தொல்காப்பியர் அதைத் தேற்றம் என்றும் பிரிநிலை என்றும் பிரித்துப் பெயரிட்டே வைத்துவிட்டார்.

பெயரும் தோற்றமும் பிரியாமல் கிடந்த காலத்தையும் நாங்கள் பார்த்தோம். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்பில் இருந்தவை உண்மையில் தமிழ் எழுத்துகளே அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கும் இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள். அந்த எழுத்துருவை அணிவித்தால் தமிழ், கழற்றினால் புரியாத குறிகளின் குவியல். தோற்றம் போனால் பொருளும் போகும். 1990களில் தட்டச்சு செய்த பள்ளி மலர் ஒன்றின் கோப்பைச் சென்ற ஆண்டு ஒரு தோழி கொண்டுவந்தார். அந்த எழுத்துரு எங்கள் யாரிடமும் இல்லை. ஐம்பது பக்கம், ஒரு சொல் படிக்க முடியவில்லை. எந்த உருவம் எந்த இடத்தில் என்று அச்சுப்படியை வைத்துக் கண்டுபிடித்து மீட்க மூன்று வாரம் ஆயிற்று.

நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலிருந்து முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்துக்கொண்டு வந்தவர். அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் பிறக்கும்போதே இருக்கிறது. யூனிகோட் 1991இல் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்தை ஒதுக்கியது. இன்று அகரம் எந்த எழுத்துருவிலும் அகரம். அணிகலன் மாறலாம், ஆள் மாறுவதில்லை. எழுத்து அளவில் யூனிகோட் செய்ததைத்தான் பத்தி அளவில் ஸ்டைல் செய்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்த மூன்று வாரத்தில்.

இப்போது என் நூலுக்கு வருகிறேன். சுங்கை சிப்புட்டில் ஒரு மாலை, வீடமைப்புத் திட்டத்து வீட்டின் வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டி பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர்.

"தம்பி, பெரட்டுன்னா இப்ப உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. அதுக்குத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அப்ப சரியா எழுதிக்க. விடியுமுன்ன பெரட்டுக் களத்துல போயி நிக்கணும். கிராணி பேரு கூப்பிடுவாரு. இன்ன நிரைன்னு சொன்னாத்தான் உளியத் தூக்கலாம்."

பெரட்டு, கிராணி, நிரை. மங்கு, காண்டா, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை. அகராதியில் பாதிக்கு மேல் கிடைக்காது. ஆங்கிலத்திலிருந்தும் மலாயிலிருந்தும் வந்து நம் வாயில் தமிழானவை சில. பழைய தமிழ், தோட்டத்தில் புது வேலை ஏற்றுக்கொண்டவை சில. புறத்தில் ஆநிரை என்று படித்த அதே நிரை, இங்கே பால்மரங்களின் வரிசை. இந்தச் சொற்களை ஒன்றுகூட விடாமல் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. முதலில் நீல நிறம் பூசினேன். பிறகு யோசித்தேன். நீலம் என்றால் நூலில் தோட்டச்சொல்லும் நீலம், நான் சந்தேகம் என்று குறித்து வைத்ததும் நீலம், யாரோ அனுப்பிய கோப்பில் காரணமில்லாமல் வந்ததும் நீலம். நிறத்துக்குத் தான் எதற்காக அங்கே இருக்கிறோம் என்று தெரியாது.

எனவே சொல்லளவில் ஒரு ஸ்டைல் உண்டாக்கி அதற்குத் 'தோட்டச்சொல்' என்று பெயர் வைத்தேன். அதற்கு எந்தத் தோற்றமும் கொடுக்கவில்லை. நிறம் இல்லை, தடிப்பு இல்லை, சுற்றியுள்ள எழுத்துப் போலவே இருக்கும். நான் இந்தக் கருவியில் கண்ட அழகுகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, பாட்டியின் பேச்சு தடங்கலில்லாமல் போகும். அடியில் அந்தச் சொல் மட்டும் தன் பெயரை வைத்துக்கொண்டிருக்கும், முந்தானையில் முடிந்த காசு போல.

பதினேழு பேட்டிகளும் முடிந்த இரவு, ஸ்டைல் பட்டியலில் 'தோட்டச்சொல்' மேல் வலச்சொடுக்கு செய்தேன். அது வருகிற எல்லா இடத்தையும் தேர்ந்தெடுக்கவா என்று கேட்டது, எத்தனை இடம் என்ற எண்ணிக்கையோடு. 612. சரி என்றதும் நூல் முழுக்க அந்தச் சொற்கள் மட்டும் ஒளிர்ந்தன. நகலெடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டினேன். வரிக்கு ஒன்றாக இறங்கி வந்தன. பெரட்டு, நிரை, மங்கு, பெரட்டு, கிராணி, லயம், பெரட்டு. விடியும்முன் பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கழித்து, அகர வரிசையில் வைத்துப் பொருள் எழுதினால் அதுவே நூலின் பின்னிணைப்பு. அதை வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

அந்தப் பாட்டியிடமும் அடுத்த வாரம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்டைல் பற்றியெல்லாம் சொல்லாமல், சொல்லுக்கு ஒரு குறி போட்டு வைத்தேன் என்றேன். அவர் உடனே பேச்சை மரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். புது மரத்தை வெட்டத் திறக்கும்முன் பட்டையில் கோடு கிழிப்பார்களாம். நேராக ஒரு கோடு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிவாக ஒரு கோடு. பாலோடும் குழல்கள் பட்டைக்குள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச்சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழல் அறுபடும். ஒரு மாதத்துக்கு எவ்வளவு பட்டை தீரலாம் என்பதற்கும் கீழே குறி உண்டு. "கோடு சரியா இருந்தா கை தானா போவும் தம்பி," என்று காற்றில் உளியைப் பிடித்துக் காட்டினார். அந்தக் கையின் சரிவு அப்படியே இருந்தது.

இதே கோப்பை, சர்க்கரை நோயால் பார்வை போன ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் அனுப்பியிருந்தேன். அவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேயோடு சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள், தமிழும் படிக்கும். அதில் 'எச்' விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். அது தேடுவது பெரிய எழுத்தை அல்ல, ஹெட்டிங் என்ற பெயரை. வெறுமே தடித்துப் பெரிதாக்கிய வரியின்மேல் அது நிற்காமல் போய்விடும். முன்பு நான் அனுப்பிய கோப்புகளை முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது என்றார். இந்த முறை எல்பிலிலிருந்து டோவன்பிக்கு ஒரு விசையில் போனாராம். "எச், எச், எச்னு தட்டித் தோட்டம் தோட்டமா எறங்கிட்டு வந்தேங்க," என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் இருந்த உற்சாகத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நூல் அச்சுக்குப் போகிற நாளில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு திரும்பிய எழுத்து மீதி இருந்தது. அதை அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை. கோப்பில் இருக்கிற எல்லாவற்றையும் அழித்தாலும் அந்த ஒன்று மட்டும் நிற்கும். மூட்டையைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சொல்லும் முடிந்த பிறகு, கடைசியிலும் கடைசியாக, தாளின் அகலம், உயரம், ஓரங்களின் அளவு எழுதியிருந்தது. அகலம் 11906. ஒரு புள்ளியை இருபதாகப் பகுத்த கணக்கு. நாம் ஏ4 என்று கடையில் வாங்குகிற தாளின் 210 மில்லிமீட்டர். பதினேழு பேர் பேசிய அத்தனையும் எந்தத் தாளில் கிடக்கிறது என்பதை அந்தக் கடைசிக் குறிதான் வைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய கையெழுத்துப் படியை அதன் பக்கத்தில் வைத்தேன். தொடக்கத்தில் யாரும் படிக்காத ஒரு சுழி, முடிவில் யாரும் பார்க்காத ஒரு குறி. பொத்தானை மறுபடி அழுத்திப் புள்ளிகளை மறைத்தேன். அச்சகத்துக்கு அனுப்பினேன்.